காலி டப்பா போட்டோ

போன வாரம் புதிதாகச் சேர்ந்திருக்கும் டீச்சர்களுக்கும் ஆயம்மாக்களுக்கும் நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். வந்தேன். உள்ளே நுழைந்ததுமே சுவரில் அந்த சார்ட் கண்ணில் பட்டது. இடது பக்கம் குழந்தைகளின் பெயர்கள். மேலே கேரட், பீன்ஸ், ஆப்பிள், பப்பாளி என்று படங்கள். எதைத் தின்றால் அதற்கு நேரே ஒரு தங்க நட்சத்திரம். ஒரு குழந்தையின் பெயருக்கு நேரே மட்டும் ஒன்றுகூட இல்லை. விசாரித்தேன். அதற்கு வயது ஒன்றே முக்கால். தன் பெயரையே முழுசாகச் சொல்ல வராத பிள்ளை, நட்சத்திரத்தைக் கண்டதா, சந்திரனைக் கண்டதா?

வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் என்று பயந்து, டீயைக் குடித்துவிட்டு, தலைவலி என்று பொய் சொல்லிக் கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைக் கிழவி என்று திட்டினாலும் பரவாயில்லை. முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

அந்த சார்ட் யாருக்காக? குழந்தைக்காக இல்லை. சாயங்காலம் கூட்டிப்போக வரும் அப்பா அம்மாவுக்காக. எனக்குத் தெரியும். ஏனென்றால் இந்த வேலையை உங்களுக்கு முன்னால் செய்து, கை சுட்டுக்கொண்டவள் நான்.

இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்து குஷாய்குடாவில் நாங்கள் குடியேறியபோது அங்கே இருந்த தமிழர்கள் எல்லோரும் ஃபேக்டரிக்காரர்கள். என் வீட்டுக்காரரும் அங்கேதான் வேலை பார்த்தார். ஒரு ஸ்க்ரூ போனாலும் கையெழுத்து, வந்தாலும் கையெழுத்து. அந்தப் புத்தி எனக்கும் தொற்றிக்கொண்டது. இருபத்திரண்டு வருஷம் டே கேரில் வேலை பார்த்தேன். கடைசி ஒன்பது வருஷம் சூப்பர்வைசர். எல்லாவற்றுக்கும் அத்தாட்சி வேண்டும் என்று நினைப்பவள். பிறகு ஐடி வேலைக்கு வந்த பெற்றோர்கள் சேர ஆரம்பித்தார்கள். அவர்களுக்கோ அத்தாட்சி உடனே வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. “என் மகன் இன்னிக்கு காய் சாப்பிட்டானா?” என்று ஒருவர் கேட்டார். தினமும் பன்னிரண்டு பேர் இதையே கேட்டால் யார் பதில் எழுதிக்கொண்டிருப்பது? சாப்பிட்டு முடித்த டப்பாவைப் படம் பிடித்துப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆமாம், நான்தான். ஓனர் மேடம் சொல்லவில்லை, எந்தப் பெற்றோரும் சொல்லவில்லை. இந்த மகா யோசனை என் மண்டையில்தான் உதித்தது. கைதட்டுங்கள்.

ஒரே வாரத்தில் அது சட்டமாகிவிட்டது. மதியம் ஒரு மணிக்குள் எல்லா டப்பாவும் காலியாகப் படத்தில் வரவேண்டும். பெற்றோருக்குள் போட்டி வேறு. ஒருத்தி பீட்ரூட்டை நட்சத்திரமாக வெட்டி அனுப்பினால் மறுநாள் இன்னொருத்தி ப்ராக்கலியை மரம் மாதிரி நிற்கவைத்து அனுப்புவாள். இங்கே எங்கள் பாடு? கையில் போனைக் கொடுத்து, கார்ட்டூன் ஓடவிட்டு, வாய் திறக்கும்போது திணிப்பது. இரண்டு பக்கமும் கன்னத்தை அழுத்துவது. ஒரு தடவை மூக்கைப் பிடித்ததையும் பார்த்தேன். பார்த்தேன் என்கிறேன், தடுத்தேன் என்று சொல்லவில்லை. கவனித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சமயத்தில் வந்து சேர்ந்தவள்தான் யாழினி. இரண்டு வயசும் சில மாதங்களும். அவள் அம்மா சுகன்யா ஈரோட்டுப் பெண், ஐடி வேலை. உப்பலில் ஒரு ஃப்ளாட்டில் இருந்தார்கள். வீட்டில் தமிழ் பேசினால் யாழினிக்கு எல்லாம் புரியும். பதில் மட்டும் எங்கள் ஆயம்மா பத்மாவிடம் கற்ற தெலுங்கில் வரும். பாதி நேரம் ஒரே வார்த்தைதான்: “வத்து.” வேண்டாம்.

காய்க்கு வத்து, பழத்துக்கு வத்து. பால் கொடுத்தால் மட்டும் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் குடிப்பாள். பாதிக் குழந்தைகள் இப்படித்தான் இருக்கும். இதில் அதிசயம் ஒன்றுமில்லை.

சேர்ந்த மூன்றாவது நாள். மணி ஒன்றாகப் போகிறது. எல்லாருடைய டப்பாவும் குரூப்பில் போய்விட்டது. யாழினியின் டப்பாவில் வேகவைத்த கேரட், பீன்ஸ், நாலு துண்டு பப்பாளி, வைத்தது வைத்தபடி. பத்மா இந்தப் பக்கம் பிடிக்க, நான் அந்தப் பக்கம் பிடிக்க, பிள்ளை உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். போன் அடித்தது. சுகன்யாவிடமிருந்து ஒரு மெசேஜ்: “யாழினி டப்பா ஆன்ட்டி?”

என்ன செய்தேன் தெரியுமா? டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். பாத்திரம் கழுவும் இடத்தில் எச்சில் வாளி இருக்கும். அதில் கவிழ்த்தேன். ஓரத்தைத் துடைத்தேன். படம் எடுத்தேன். அனுப்பினேன்.

உடனே வரிசையாகச் சிவப்பு இதயங்கள். “தேங்க் யூ ஆன்ட்டி. வீட்டுல ஒரு வாய் தொடமாட்டா. நீங்க மந்திரம் போட்டீங்களா?” என்று கேட்டிருந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் கேவலம். வெட்கப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு உச்சி குளிர்ந்தது.

திரும்பிப் பார்த்தால் பத்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து நான் வாளிப் பக்கம் போகவே வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கெல்லாம் காலி டப்பாவைத் தூக்கிக் காட்டி, “அயிபோயிந்தி மேடம்!” என்பாள். முடிந்துவிட்டதாம். எப்படி முடிந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் ஒரு திறமை. சூப்பர்வைசர்களுக்கு அது சீக்கிரம் வந்துவிடும்.

இரண்டு மாதம் ஓடியது. ஒருநாள் காலையில் சுகன்யா சொன்னாள்: “ஆன்ட்டி, இனிமேல் பாலு குடுக்காதீங்க. டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாருங்க. எடை ஏறவே மாட்டேங்குதுங்க, பாலு ஒத்துக்கலையோன்னு சந்தேகமாமுங்க.”

“சரிம்மா” என்றேன். போர்டில் எழுதினேன்: யாழினிக்குப் பால் கிடையாது. அவ்வளவுதான். என் மரமண்டைக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. உறைக்க நான் விடவில்லை என்று சொல்வதுதான் சரி.

அடுத்த மூன்று வாரமும் நாலு மணிக்கு எல்லாப் பிள்ளைகளும் பால் குடிக்கும்போது யாழினி கையில் இரண்டு பிஸ்கட். மற்றவர்களின் டம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் பக்கத்துப் பையனின் டம்ளரைப் பிடுங்கிவிட்டாள். பத்மா அதை அவளிடமிருந்து திரும்பப் பிடுங்கிக் கொடுத்தாள். டாக்டர் உத்தரவு ஆயிற்றே, மீறலாமா?

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி. கூட்டிப்போக வந்த சுகன்யாவின் முகம் வீங்கியிருந்தது. அழுதிருக்கிறாள்.

“நாளைக்கு ஆஸ்பத்திரிங்க ஆன்ட்டி. நாலு தடவை ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, ஒண்ணும் தெரியலைங்க. காலையில மயக்க மருந்து குடுத்து, வாய் வழியா ட்யூப் விட்டு, குடல்ல துளி சதை எடுத்துப் பாக்கணுமுங்களாம்.”

“ஏன்? என்ன சந்தேகமாம்?”

“இவ்வளவு சாப்பிட்டும் ஏறலைன்னா, சாப்பிடறது உடம்புல ஒட்டலைன்னுதானுங்களே அர்த்தம். நீங்க அனுப்பற போட்டோ எல்லாம் டாக்டர்கிட்ட காட்டினேனுங்க. தினமும் காய், தினமும் பழம். இந்த வயசுல இப்படி யாரு சாப்பிடறாங்கன்னு அவரே ஆச்சரியப்பட்டாருங்க.”

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் வாசலிலேயே நின்றேன்.

இந்த இடத்தை நன்றாகப் படியுங்கள். இதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அப்போதே பின்னால் ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை. ஓடவில்லை. உள்ளே போய் ஓனர் மேடத்திடம் சொன்னேன். அவர் வெளுத்துப்போனார். “நக்கோ ஆன்ட்டி, நக்கோ!” என்று இரண்டு கையையும் ஆட்டினார். சொல்ல வேண்டாமாம். டெஸ்ட்தானே, பெரிய ஆஸ்பத்திரி, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், ஒன்றும் இல்லை என்று ரிசல்ட் வந்துவிடும், திங்கட்கிழமையிலிருந்து ஒழுங்காக ஊட்டுங்கள் என்றார். வெளியே தெரிந்தால் சென்டரை மூட வேண்டியதுதான், பத்மா மாதிரி ஆட்களெல்லாம் எங்கே போவார்கள் என்றும் கேட்டார்.

எனக்கு அந்தப் பேச்சு இனித்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், இனித்தது. ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து பாய்களை மடித்தேன், பொம்மைகளை அடுக்கினேன். டெஸ்ட்தானே, டெஸ்ட்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்மா வந்து பக்கத்தில் நின்றாள்.

“அந்தப் பாப்பாக்கு மயக்கம் குடுத்து தூங்க வைக்கறாங்களா மேடம்?”

“ஆமாம். எல்லாம் உன்னாலதான்!” என்று அவள் மேல் பாய்ந்தேன்.

அவள் அசையவில்லை. “நீங்க கொட்டினது பாத்துதானே மேடம், நா கொட்டினது” என்றாள்.

சத்தியமாக அவளை அறையத் தோன்றியது. உண்மையைச் சொன்னால் யாரைத்தான் அறையத் தோன்றாது? பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். சுகன்யாவுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து உப்பல் போய்ச் சேர்ந்தபோது ஏழு மணி.

கதவைத் திறந்தது சுகன்யாவின் கணவன். கையில் ஆஸ்பத்திரி ஃபைல். உள்ளே யாழினி ஃப்ரிட்ஜின் முன்னால் நின்று அதன் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். “பாலு காவாலி, பாலு காவாலி.” பால் வேண்டும் என்று கேட்கிற பிள்ளையை, இல்லடா தங்கம், அது உனக்கு ஆகாது என்று இழுத்துக்கொண்டிருந்தாள் அம்மாக்காரி. வழியெல்லாம் எப்படிச் சொல்வது, எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். அதைப் பார்த்ததும் எல்லாம் போயிற்று.

“அவளுக்குப் பாலைக் குடும்மா. அவ சாப்பிடவே இல்லை. ரெண்டு மாசத்துக்கு மேலா டப்பாவை நாங்க வாளியில கொட்டிட்டுப் படம் அனுப்பினோம்” என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. “எந்த டப்பாங்க?” என்றாள். பிறகு போனை எடுத்தாள். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இது?”

“பத்மா கொட்டினது.”

“இது?”

“அதுவும்தான்.”

“இதுங்க? கொய்யாப்பழம் வெச்சிருந்தேன். விதையெல்லாம் எடுத்து வெச்சிருந்தேன்.”

“கொட்டினதுதான்.”

நிறுத்தாமல் தள்ளிக்கொண்டே போனாள். நானும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் முதல் படம் வந்தது. “இது?”

“நான் கொட்டினது.”

போனை சோபாவில் எறிந்தாள். “அஞ்சு மணிக்கு எந்திரிச்சு வெட்டுவேனுங்க ஒவ்வொண்ணையும்! மத்தியானம் நல்லா சாப்ட்டிருக்கா, ராத்திரி திணிக்க வேண்டாம்னு கால் வயித்தோட தூங்க வெச்சேன் என் புள்ளையை! அழுதா தூக்கத்துக்கு அழுவறான்னு நெனச்சேன்! நாலு தடவை நாந்தானுங்க அமுக்கிப் புடிச்சுட்டு இருந்தேன் ஊசி போட! நீங்கெல்லாம் மனுஷங்களா?”

மன்னிப்புக் கேட்டேனா என்றுகூட நினைவில்லை. அவள் கணவன் அதற்குள் டாக்டருக்கு போன் போட்டிருந்தான். “சார், அவ சாப்பிடலையாம் சார்” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். டாக்டர் டெஸ்ட்டைத் தள்ளிவைத்தார். பால் கொடுக்கச் சொன்னார். இரண்டு வாரம் குழந்தை நிஜமாகத் தின்பதை எழுதிக்கொண்டு வரச் சொன்னார். சுகன்யா சமையலறையில் பால் காய்ச்சும்போதே நான் வெளியே வந்துவிட்டேன். போங்கள் என்று யாரும் சொல்லவில்லை. இருங்கள் என்றும் சொல்லவில்லை.

அந்தக் குழந்தைக்கு நோயே இல்லை. பசி. பிற்பாடு பால் குடித்து, தயிர்சாதம் தின்று, தானாகவே எடை ஏறியது. நோயில்லாத பிள்ளையை மயக்கி, குடலில் கத்தி வைக்கும் வரைக்கும் கொண்டுபோனது என் காலி டப்பா. நீங்கள் நட்சத்திரம் ஒட்டுகிறீர்களே, நாளைக்கு மேலதிகாரி கேட்டால், பெற்றோர் முகம் சுளித்தால், தின்னாத பிள்ளைக்கும் ஒரு நட்சத்திரம் ஒட்டமாட்டீர்கள் என்று என்ன நிச்சயம்? நானும் நல்லவள்தான். பத்மாவும் நல்லவள்தான். கெட்டவர்கள் மட்டும்தான் பொய் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு இந்த வேலைக்கு வராதீர்கள்.

சனிக்கிழமை காலை குரூப்பில் நானே எழுதினேன். இதுவரை வந்த படங்களை நம்பாதீர்கள், பல டப்பாக்கள் வாளிக்குப் போயிருக்கின்றன, உங்கள் குழந்தை வீட்டில் பசி என்று அழுதால் அது பசிதான் என்று. ஓனர் மேடம் என்னைத் திட்டியதை எழுதினால் காகிதம் எரியும். ஐந்து பேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். முதல் ஆள் சுகன்யா. கணவனை அனுப்பி மாற்றுத்துணிப் பையை வாங்கிக்கொண்டாள். என்னை ஏன் வேலையை விட்டுத் தூக்கவில்லை என்று கேட்பீர்கள். அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை முதல் வேலையாக, “ஆ காட்டு” என்று யாரும் சொல்லக்கூடாது என்று தடை போட்டேன். பாயின் நடுவில் ஒரு பெரிய எவர்சில்வர் தட்டு. மெல்லிசாக நீளவாக்கில் வெட்டிய வெள்ளரி, கையால் நசுக்கினால் நசுங்குகிற அளவு வெந்த கேரட், வாழைப்பழம், பப்பாளி. நானும் பத்மாவும் சுற்றி உட்கார்ந்து அதையே தின்றோம். பிள்ளைகள் பக்கம் தள்ளவில்லை. “யம்மி” என்று கண்ணை உருட்டி நடிக்கவும் இல்லை. பசியெடுத்த இரண்டு பொம்பளைகள் தின்பது மாதிரி தின்றோம், எங்களுக்குத்தான் பசியாயிற்றே.

முதல் நாள் எல்லாம் தரையில். ஒரு பையன் வெள்ளரியைப் பதினோரு நாள் தூக்கி எறிந்தான். பன்னிரண்டாம் நாள் கடித்தான். பதின்மூன்றாம் நாள் மறுபடியும் எறிந்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். நக்கினாலும் சரி, பிசைந்தாலும் சரி, கடித்துத் துப்பினாலும் சரி. எவ்வளவு நாளாகும் என்று என்னைக் கேட்காதீர்கள், தெரியாது. அவன் பிறகு வெள்ளரி தின்றான். வேறொரு பெண் நான் ரிட்டயர் ஆகும் வரை பப்பாளியைத் தொடவே இல்லை. நன்றாகத்தான் வளர்ந்தாள்.

ஆனால் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. டப்பாவில் எவ்வளவு மிஞ்சியதோ, அது அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போகும். எடுத்தவுடன் சில அம்மாக்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். “அப்ப நீங்க எதுக்கு இருக்கீங்க?” என்று ஒருவர் கேட்டார். தின்னவில்லை என்றால் தின்னவில்லை என்று சொல்லத்தான் என்றேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, கேட்டுக்கு வெளியே சுகன்யா நின்றாள். இடுப்பில் யாழினி. கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. திட்ட வந்திருக்கிறாள், பாக்கி ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன்.

“வேற எடத்துல சேத்தேனுங்க” என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. “பெரிய எடம். கேமரா எல்லாம் இருக்கு. முதல் நாளே டப்பா காலியா வந்துச்சுங்க.”

நான் கேட்டைத் திறந்தேன்.

“ரெண்டாவது நாளும் காலியா வந்துச்சுங்க” என்றாள். யாழினியின் பையை என் கையில் திணித்தாள். “உங்க மேல எனக்குக் கோவம் போகலைங்க. சொல்லிட்டேன்.”

“போக வேண்டாம்மா” என்றேன்.

அன்று யாழினி தட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்மா கேரட்டைக் கடிக்கும் சத்தத்துக்கு ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். சாயங்காலம் சுகன்யா வந்ததும் டப்பாவைத் திறந்தே நீட்டினேன். பீன்ஸ், கேரட், மாம்பழத் துண்டுகள், எதுவும் குறையவில்லை.

“நாலு மணிக்குப் பால் மட்டும் குடிச்சா. வேற எதையும் தொடலை” என்றேன்.

அவள் டப்பாவைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

“அப்ப பசியோட இருப்பாளுங்க” என்று சொல்லி, பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டியை நோக்கி ஓடினாள்.